நல்ல டிஸ்க் போடுங்கள், வாங்க ஆள் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படங்களை டிவிடி, ப்ளூ-ரே என்று காசு கொடுத்து வாங்கி அடுக்கி வைப்பது காலாவதியான பழக்கம், வேண்டிய படமெல்லாம்தான் யூடியூபில் சும்மா கிடக்கிறதே என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை இங்கே இந்தியப் பெருங்கடலில், பிரான்ஸைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் உட்கார்ந்து படித்தேன். பதில் எழுதாமல் விட மனசு வரவில்லை. நான் காரைக்காலில் பிறந்தவன், பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்து தீவின் தலைநகரான சேன் தெனியில் குடியேறியவன். வீட்டில் ஒரு சுவர் முழுக்க டிஸ்க்தான். தூசி தட்டுவது உங்கள் பொறுப்பு என்று வீட்டில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

யூடியூபில் கிடப்பது படம்தானா என்பதுதான் என் முதல் கேள்வி. ‘அந்த நாள்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, பாட்டே இல்லாமல் வந்த படம். பாட்டை நம்பாத அந்தப் படம் எதை நம்பியது? இருட்டையும் வெளிச்சத்தையும்தான். முகத்தில் பாதி நிழல், சுவரில் கம்பி நிழல், அந்த நிழலுக்குள்ளேயே ஒரு சந்தேகம். இதை ஒரு டிஸ்கில் வாங்கினேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், மூன்று படம் ஒரே தட்டில் என்று விற்ற சரக்கு. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும், இரட்டை அடுக்கு என்றாலும் 8.5. அதில் இரண்டு, இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றைத் திணித்தால் என்ன ஆகும்? நிழல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள் மினுமினுக்கின்றன, சிவாஜியின் கோட்டு எங்கே முடிகிறது, பின்னாலிருக்கும் சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மூலையில் நிறுவனத்தின் முத்திரை வேறு படம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சரி, காசு கொடுத்து வாங்கிய டிஸ்கே இப்படி என்றால், அதிலிருந்தே உருவி யூடியூபில் ஏற்றியதை என்ன சொல்ல? புது டிவிக்குப் பொருந்தட்டும் என்று படத்தை அகலத்துக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒரு சுற்று பெருத்துப்போய் நடமாடுகிறார்கள்.

சினிமாஸ்கோப் படங்களின் கதி இதற்கு நேர் எதிர். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அப்படி அகலத்துக்காகவே எடுத்த படங்களைப் பழைய டிவியின் அளவுக்கு வெட்டினால் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று வசனம் பேசும் காட்சியில் இந்தப் பக்கம் ஒரு மூக்கும் அந்தப் பக்கம் ஒரு மூக்கும்தான் மிஞ்சும். இதைத்தான் ‘சும்மா கிடைக்கிறது’ என்கிறார் அந்த நண்பர்.

நான் இருக்கும் ஊர் பிரான்ஸின் ஒரு மாவட்டம் என்பதால் பிரெஞ்சு டிஸ்குகள் எனக்குக் கைக்கெட்டிய தூரம். எந்தப் பகுதி பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீடும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், டிவிடிக்கு 2, ப்ளூ-ரேக்கு பி. பிரான்ஸ் பெருநிலத்தில் 20 சதவீதமாக இருக்கும் வாட் வரி இங்கே 8.5தான், ஆனால் அந்த லாபத்தை ஒக்த்ருவா தெ மேர் என்ற கடல் வரியும் தபால் செலவும் சேர்ந்து விழுங்கிவிடும் என்பது இங்கே பார்சலுக்காகக் காத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். போகட்டும். கார்லோட்டா என்ற பிரெஞ்சு நிறுவனம் ஒசு என்ற பழைய ஜப்பானிய இயக்குநரின் படங்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டிருக்கிறது. படம் எடுத்த அளவிலேயே இருக்கும், எந்த முத்திரையும் குறுக்கே வராது. ஒசு இருந்த ஜப்பானுக்கும் பிரான்ஸுக்கும் என்ன ஒட்டு உறவு? ஆனாலும் போடுகிறான், வாங்குகிறார்கள்.

அதற்காக வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ 1981இல் பாரிஸில் திரையிடப்பட்டபோது அவ்வளவு கொண்டாடினார்கள். ஆனால் ‘பால்’ (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் வரும் டிவிடி நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும், சினிமா எடுப்பது 24இல். வித்தியாசம் நான்கு சதவீதம்தானே என்று தோன்றும். படம் அந்த அளவு வேகமாக ஓடுவதால், சுருதியைச் சரிசெய்யாமல் பதிந்தால் குரலும் கருவியும் ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். சங்கீதத்துக்காகச் சொத்தை அழிக்கிற ஜமீன்தாரின் கதை, பேகம் அக்தர் பாடுகிறார், அதில் போய்ச் சுருதி ஏறினால் எப்படி? ப்ளூ-ரேயில் 24 சட்டகத்திலேயே ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை. டிவிடி வைத்திருப்பவன் எதற்கு மறுபடி ப்ளூ-ரே வாங்குகிறான் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க் வாங்குகிற பைத்தியங்கள் இருப்பதால்தான் பல படங்கள் இன்று உயிரோடு இருக்கின்றன. ‘பதேர் பாஞ்சாலி’யில் தொடங்கி அபு என்பவனின் கதை சொல்லும் ராயின் மூன்று படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்தபோது கருகிப்போயின. கருகியதைக் குப்பையில் போடாமல் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி எடுத்துப் பத்திரப்படுத்தியது. இருபது வருஷம் கழித்து, கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனமும் அகாடமியும் கைகோத்து அவற்றை இத்தாலியில் பொலோனியாவிலுள்ள லேபுக்கு அனுப்பின. காய்ந்து முறுகிய ஃபிலிமுக்கு ஈரப்பதம் கொடுத்து, பிசுக்கைத் துடைத்து, துளைகளை ஒட்டி, ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதத்தையும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். மீதியை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி 2015இல் வெளியிட்டார்கள். இதில் ஒரு பங்காளி டிஸ்க் விற்கிற கம்பெனி என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு அந்தப் பெட்டியை வாங்க ஆள் உண்டு என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தக் கம்பெனி இதில் இறங்கும்?

நம் பக்கத்துக்கு வந்தால் வயிறு எரிகிறது. நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ 1948இல் வந்த இந்திப் படம், ஆனால் எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். நம் பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியது அதில்தான். அதையும் பொலோனியாவில்தான் புதுப்பித்தார்கள், 2012இல் கான் விழாவில் காட்டினார்கள். பிறகு கிரைட்டீரியன் அதை ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் உலக சினிமாத் திட்டத்தின் நான்காவது டிஸ்க் பெட்டியில் சேர்த்தது. சென்னையில் எடுத்த படத்தைப் பார்க்க நான் அமெரிக்காவுக்கு ஆர்டர் போட்டு, மண்டலம் ஏ என்பதால் அதற்கென்று ஒரு மல்டி ரீஜியன் பிளேயரும் வாங்கினேன். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) பிரதி எங்கேயும் கிடையாது, அதற்கு இனி அழுது பயனில்லை. ஆனால் பாலு மகேந்திரா எடுத்தது நேற்று முன்தினம் மாதிரி. அவரே கடைசிக் காலத்தில் தன் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ் இல்லாமல் போனதைச் சொல்லி வருந்தினார். எண்பதுகளின் படங்களுக்கே இந்த நிலை என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

பாதிக் குற்றம் விலையில் இருக்கிறது என்பது என் கருத்து. 2007 வாக்கில் டிஸ்க் தயாரிக்கும் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியது. திருட்டு விசிடியை ஒடுக்க அது நல்ல வழிதான், ஊருக்கு வந்தபோது நானும் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். ஆனால் படம் என்றால் முப்பது ரூபாய்ச் சரக்கு என்று எல்லோர் மனதிலும் பதிந்துபோனது. முப்பது ரூபாய்க்கு விற்கும் பொருளுக்கு யார் நல்ல பிரிண்ட் தேடுவார்கள், யார் கீறலைத் துடைப்பார்கள்? அப்புறம் அந்தக் கம்பெனியும் கடனில் மூழ்கிப்போனது. நடுவில் 2012இல் ‘கர்ணன்’ படத்தை டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டரில் விட்டபோது கூட்டம் அலைமோதியதே, 1964ஆம் வருஷப் படத்துக்கு! தரமாகக் கொடுத்தால் தமிழன் காசு கொடுப்பான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு ஆதங்கமும் உண்டு. கிரைட்டீரியன் 1984இல், டிவிடிக்கு முன்பிருந்த லேசர் டிஸ்க் போட ஆரம்பித்தபோதே, படம் ஓட ஓட ஒரு வரலாற்றாசிரியர் கூடவே பேசும் ஒலித்தடத்தைச் சேர்த்துவிட்டது. நம்மிடம் அப்படிப் பேச ஆளா இல்லை? ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் இருந்தார், 2016இல் போய்ச் சேர்ந்தார். ராண்டார் கை இருந்தார், 2023இல் அவரும் போனார். எந்த ஸ்டுடியோவில் எந்த மரத்தடியில் எந்த ஷாட் எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள். ஒரு மைக்கும் ஒரு மத்தியான வேளையும் போதும், உட்கார்த்திப் பேச வைத்திருக்கலாம். என்னிடம் இருக்கும் தமிழ் டிஸ்க் ஒன்றில்கூட அவர்கள் குரல் இல்லை.

எங்கள் தீவின் சங்கதி ஒன்று. இங்கே மலபார் என்று சொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வம்சம். கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது, பேச்சு மட்டும் கிரியோலும் பிரெஞ்சுமாகிவிட்டது. தீவிலேயே உள்ள சேன் அந்த்ரே ஊரிலிருந்து ஒரு நண்பர் வருவார், தாத்தா காலத்துத் தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் சுமக்கிறவர். பாரிஸ் லா ஷப்பெல் கடைத்தெருவில் நான் வாங்கிவந்த பழைய டிவிடிகளைச் சேர்ந்து பார்ப்போம். வசனத்துக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடும், பாட்டு ஆரம்பித்ததும் அது லீவு போட்டுவிடும். நம் படங்களில் பாதிக் கதை பாட்டில்தானே இருக்கிறது! “என்ன பாடுகிறார், ஏன் அந்த அம்மா அழுகிறார்?” என்று அவர் கேட்க, நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி நிறுத்திக் கண்ணதாசனைப் பிரெஞ்சில் சொல்ல முயன்றால், மூன்று நிமிஷப் பாட்டு அரை மணி நேரம் ஓடும். பாட்டுக்கும் சேர்த்து நல்ல சப்டைட்டில், பிரெஞ்சிலும் ஒன்று, தமிழிலேயே ஒன்று, இதற்கெல்லாம் என்ன பெரிய செலவு ஆகிவிடும்? தமிழ் சப்டைட்டில் இருந்தால் காது கேளாதவர்களுக்கும் ஆகும், கோயில் வகுப்பில் எழுத்துக்கூட்டும் எங்கள் பிள்ளைகளுக்கும் ஆகும்.

ஸ்ட்ரீமிங் இருக்கிறதே என்பார்கள். இன்றைக்கு இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும், பிரான்ஸ் கணக்கில் திறந்தால் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வரும். 2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயல் இந்தத் தீவை அடித்துப்போட்டபோது கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை, அந்த நேரத்தில் டிஸ்கும் உதவாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரண்ட் வந்த பிறகும் எங்கள் தெருவுக்கு இணையம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான்.

ஆகவே உரிமை வைத்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு விண்ணப்பம். லட்சம் பிரதி வேண்டாம். ஆயிரமோ இரண்டாயிரமோ போடுங்கள், முன்பதிவு வைத்துப் போடுங்கள். படம் எடுத்த அளவில், முத்திரை இல்லாமல், எந்தப் பாட்டையும் வெட்டாமல், ஒரு தட்டில் ஒரே படமாக. 25 யூரோ சொல்லுங்கள், தருகிறோம். பாரிஸ், டொராண்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூர் எல்லா இடத்திலும் என் மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் சினிமாப் பகுதியிலும் வாரம் ஒரு பத்தி, எந்தப் பழைய படம் எந்த டிஸ்கில் என்ன தரத்தில் வந்திருக்கிறது என்று போட்டால் கும்பிடு.

கடைசியாக அந்த வாசகர் நண்பருக்கு ஒரு சின்ன வேலை. பழைய படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வரும், அதில் படத்தின் நீளம் அடிக்கணக்கில் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். சான்றிதழில் 14,000 அடி என்றால் படம் ஏறக்குறைய 155 நிமிஷம் இருக்க வேண்டும். மீட்டரில் போட்டிருந்தால் நிமிஷத்துக்கு 27.4 மீட்டர் என்று வகுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் உங்களுக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைத் திறந்து, கீழே காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழையே வெட்டியிருந்தால் வேறு படத்துக்குப் போங்கள். எத்தனை நிமிஷம் குறைகிறது, எந்தப் பாட்டைக் காணோம் என்று இதே பகுதிக்கு எழுதுங்கள், நான் படிக்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகன்,
சேன் தெனி, ரீயூனியன்