கல்லிடைக்குறிச்சிக் குடும்பப் படம்: சுடலைக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
மார்கழி

அன்புள்ள சுடலை,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பிசான நெல் பச்சை கட்டி நிற்கிறது, ஆற்றிலும் தண்ணீர் ஓடுகிறது. மதினிக்குக் கைக்கட்டு பிரித்தாயிற்றா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே நீ.

பொங்கலுக்குக் கல்லிடைக்குறிச்சிக்கு ஊர் வரும் குடும்பம், பன்னிரண்டு பேர், வெளியில் வைத்துப் படம் வேண்டும், போஸ் கொடுத்த மாதிரி இருக்கக் கூடாது. எங்கே வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். இடத்தை விடு, நேரத்தை முதலில் முடிவு செய். கல்யாண மண்டப லைட்டிலேயே படம் எடுத்துக் கிடக்கிற உனக்கு, கல்லிடைக்குறிச்சி அம்பாசமுத்திரம் பக்கம் மலை மேற்கே நிற்பது மறந்திருக்கும். தைப் பிறப்பையொட்டி இங்கே சூரியன் மறைவது 6.18 வாக்கில். ஆனால் அது அடிவானக் கணக்கு. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பார். அதன் உயரம் சுமார் 10 டிகிரி. நம்ம பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் ஒரு முஷ்டி இறங்க 40 நிமிடம்தான். மலை முகடு அரை முஷ்டி உயரம் இருந்தாலே கடைசி 20 நிமிடம், அதாவது உனக்கு வேண்டிய வெளிச்சம் முழுக்க, போய்விட்டது. மிச்சத்துக்கு மலையும் கறுத்த சுவராகத்தான் விழும்.

அதனால் அங்கே காலைதான் சரி. உதயம் 6.38. ஆட்கள் 6.30க்கு இடத்தில் இருக்க வேண்டும். முதல் 20 நிமிடம் கிழக்கு வெயில் முகத்தில் பட்டாலும் கண் கூசாது; பின்னால் மலையின் மடிப்புகூடத் தெரியும். 7.15க்கு மேல் கண்ணைச் சுருக்க ஆரம்பிப்பார்கள். அப்போது ஆட்களைத் திருப்பி, வெயிலை முதுகுக்கு விட்டுவிடு. முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ரிப்ளெக்டர் தேடாதே. வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இரண்டு பேர் முன்னால் நாலைந்து அடியில் தாழப் பிடித்தால் போதும். மாலைதான் வசதி என்று அவர்கள் ஒற்றைக்காலில் நின்றால், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே கூட்டி வா. மலை அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், 5.20லிருந்து 6.15 வரை முழுசாகக் கிடைக்கும்.

இடத்துக்குக் கன்னடியன் கால்வாய்க் கரை மண்பாதையைச் சொல்வேன். வயல் வரப்பு படத்தில் அழகு, ஆனால் அகலம் ஒன்றரை அடி இருந்தால் பெரிசு. பனி ஈரத்தில் வழுக்கும், பட்டுச்சேலைக் கரையும் நனையும். அது பிள்ளைகளுக்கு மட்டும். படித்துறை நல்ல இடம்தான். படிகளே இரண்டு வரிசை உயர வித்தியாசத்தைக் கொடுத்துவிடும், ஆச்சிக்குக் குனிந்து தரையில் உட்கார வேண்டிய பாடும் இல்லை. மேலே காய்ந்த படியோடு நிறுத்திக்கொள், கீழ்ப்படி பாசி. ஆனால் காலை ஏழு மணிக்கு அங்கே ஊரே குளிக்கும். குளிக்கிறவர்கள் பின்னணியில் விழுவது மரியாதை இல்லை. ஆள் இல்லாத துறை கிடைத்தால் மட்டும் போ. பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவிப் பக்கம் வேண்டவே வேண்டாம். வனத்துறை செக்போஸ்ட், நேரக் கட்டுப்பாடு, நம்ம காலை வெளிச்சம் வரிசையிலேயே கரைந்துவிடும்.

லென்ஸ் விஷயம். பன்னிரண்டு பேரைக் கொஞ்சம் தளர்வாக நிறுத்தினால் 5 மீட்டர் அகலம் பிடிக்கும். பெரிய சென்சார் உள்ள புல்பிரேம் கேமராவில் 50 எம்எம் லென்ஸ் என்றால் 25 அடி பின்னால் போக வேண்டும், 85 என்றால் 40 அடி. 40 அடியிலிருந்து நீ கத்தித்தான் பேச முடியும். கத்தினால் ரேஷன் கடை வரிசை மாதிரி நிமிர்ந்து நிற்பார்கள். பெரிய குழுவுக்கு 50, அபர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, 5.6 (எண் கூடினால் திறப்பு சின்னது). சின்னக் குழுவுக்கு 85 போடு. ஆனால் பின்னணி கரையட்டும் என்று 1.8இல் திறந்து வைக்காதே. 4 மீட்டர் தூரத்தில் அப்போது கூர்மை கிடைப்பது ஒரு சாண் அளவுதான். அப்பா முகம் தெளிவாக இருக்கும், மடியில் இருக்கிற பிள்ளை மங்கிப்போகும். 4க்கு மூடினால் ஒரு முழம் தாராளமாகக் கிடைக்கும். பிள்ளைகள் ஓடும்போது ஷட்டர் 500க்கு, அதாவது நொடியில் 500இல் ஒரு பங்குக்கு, மெதுவாக வேண்டாம். பின்னால் பனைமரம் இருந்தால் அரை அடி நகர்ந்து பார். இல்லாவிட்டால் தாத்தா தலையில் பனை முளைத்துவிடும்.

போன் போட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டியது உடுப்பு. எல்லோரும் ஒரே கலர் வேண்டாம். நாலு கலர், அடர்த்தி ஒன்றுபோல இருந்தால் போதும். நெல்லுக்கு முன்னால் பச்சை எடுபடாது. பொடிக் கட்டம் போட்ட சட்டை டிஜிட்டலில் அலையலையாக நெளியும். அடர் சிவப்புச் சேலை பக்கத்தில் நிற்கிறவர் கன்னத்தில் சிவப்படிக்கும். சட்டைப்பையில் போன், பேனா, சாவி எதுவும் கூடாது. யாராவது வெயிலில் கறுக்கிற கண்ணாடி போட்டிருந்தால் பழைய சாதாரணக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல். இதைக் கேட்க மறந்தால் முக்கால்வாசிப் படத்தில் அவருக்குக் கண்ணே இருக்காது, கம்ப்யூட்டரில் சரிசெய்யவும் முடியாது.

இனி அந்த இயல்பு. "இயல்பா இருங்க" என்று சொன்ன மாத்திரத்தில் பன்னிரண்டு பேரும் விறைத்துப் போவார்கள். பிள்ளையிடம் "சிரில" என்றால் பல்லைக் காட்டும், கண் சிரிக்காது. கைக்கு வேலை கொடு. பொங்கல் சீசனில் அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கி வை. ஆச்சி தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுத் தும்பை இழுத்துப் போட்டுவிட்டுப் பேத்தி கையில் கொடுக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள், தள்ளி நின்று எடு. ஆனால் இதைக் குழுப்படம் முடிந்த பிறகு செய். நார் பல்லில் மாட்டிக்கொள்ளும்.

பெரிய குழுவைத்தான் முதலில் முடிக்க வேண்டும், பத்து நிமிடத்துக்குள். பிறகு தாத்தா ஆச்சி பேரப்பிள்ளைகள், அப்புறம் ஒவ்வொரு குடும்பமாக. தாத்தா ஆச்சி இருவரை மட்டும் தனியாக எடுக்க யாருக்கும் தோன்றாது, நீ மறக்காதே. கண் சிமிட்டலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் வருவது எடுக்க வேண்டிய படங்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர் கணக்குப் போட்டு 2006இல் இக் நோபல், அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுக்குக் கொடுக்கும் வேடிக்கைப் பரிசு, வாங்கினார்கள். அதன்படி உனக்கு நாலு. சின்னப் பிள்ளைகள் இருப்பதால் பத்தாக வைத்துக்கொள். வருவதற்கு முன் பிள்ளைகளுக்குப் பாலும் இரண்டு இட்லியும் கொடுக்கச் சொல். பசித்த பிள்ளையை எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்காதே லே. வேட்டி வெளுத்துப் போகாமல் எக்ஸ்போசரைப் பார்த்துக்கொள், தோல் அதன் நிறத்திலேயே இருக்கட்டும்.

நாள் பார்க்கும்போது பொங்கலன்று காலையைக் குறிக்காதே, பானை வைக்கிற நேரத்தில் ஒருத்தரும் வீட்டைவிட்டு வர மாட்டார்கள். காணும் பொங்கலுக்கு ஆற்றங்கரை முழுக்கச் சனம். போகிக்கு முந்தின நாள் என்றால் கால்வாய்க் கரை காலியாக இருக்கும். முடிவானதும் எழுது, முந்தின சாயங்காலமே வந்து இடத்தைப் பார்த்து வைத்துவிடுவோம்.

அன்புடன்,
இசக்கி