மாலை ஆன்லைன் டியூஷனை நிறுத்தாதீர்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மாலை நேர ஆன்லைன் டியூஷன் அடுத்த பருவத்திலிருந்து கிடையாது என்ற உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. ஆசிரியர்களுக்கு வேலைப்பளு, பிள்ளைகளுக்குத் திரையால் கவனச் சிதறல் என்று காரணம் சொல்லி, பதிலுக்குப் பதிவு செய்த வீடியோக்களும் பள்ளி முடிந்ததும் சந்தேகம் கேட்க அரை மணி நேரமும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். திரை பிள்ளைகளின் கவனத்தைச் சிதறடிக்கிறதாம். அந்தச் சுற்றறிக்கையே செயலி வழியாகத்தான் வந்தது. வீட்டுப்பாடமும் கட்டண நினைவூட்டலும் அதில்தான் வருகின்றன. கட்டண விஷயத்தில் மட்டும் யார் கவனமும் சிதறுவதில்லை போலிருக்கிறது. சரி, அது போகட்டும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. கை தூக்காத பிள்ளை. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரோடும் சேர்ந்து "புரிந்தது" என்று ராகம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நோட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இயற்கணிதத் தேர்வுகளில் வரிசையாகச் சிவப்புப் பேனா. ஏன் தப்பாகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. வகுப்பு ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது, நாற்பது நோட்டுகளைத் திருத்துகிறவர் விடையைத்தான் பார்ப்பார், விடைக்குப் போன வழியை அல்ல.

ஆன்லைன் டியூஷனில் அவள் எழுத எழுத ஆசிரியர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால், உள்ளே இருக்கும் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விடுகிறாள் என்பதை அவர்தான் பிடித்தார். திட்டவில்லை. 10 − (4 − 3) என்று எழுதி, "முதலில் உள்ளே கழித்துவிட்டுப் போடு, அப்புறம் உன் வழக்கப்படி பிரித்துப் போடு" என்றார். ஒரு முறை 9 வந்தது, இன்னொரு முறை 3. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அய்யோ, ரெண்டுக்கும் குறி மாறணுமா!" என்றாள். இரண்டு பருவமாக இழுத்த தலைவலி அன்றோடு தீர்ந்தது. அதன்பிறகு அவளாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தாள், முதலில் தட்டச்சு செய்து, பின்னர் மைக்கைப் போட்டு. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம் அங்கே இல்லை. இதைத்தான் நிறுத்தப் போகிறீர்கள்.

தனியாகக் கவனித்துச் சொல்லிக்கொடுப்பதன் பலன் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984இலேயே எழுதியிருக்கிறார்: தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்த மாணவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்று. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் இல்லை என்று ஆகிவிடவில்லை. அது நேரில் நடந்தது, இது ஆன்லைன் என்பீர்கள். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இத்தாலியில் பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வலர்களாகப் பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரத்துக்குச் சில மணி நேரம் ஆன்லைனில் சொல்லிக்கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் மதிப்பெண்ணும் கூடியிருந்தது, மனநிலையும் தேறியிருந்தது. கணினி இல்லாத பிள்ளைகள் போனில்கூடப் படித்தார்கள்.

பதிவு செய்த வீடியோக்கள் இருக்கின்றனவே என்கிறீர்கள். வீடியோ நல்லதுதான், நானும் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்று வீடியோவுக்குத் தெரியாது. பாட வீடியோவுக்கே பெயர் போன கான் அகாடமி இணையதளத்தின் ஆரம்பம் என்ன? 2004இல், பின்னர் அதை நிறுவிய சல்மான் கான் (நடிகர் அல்ல, இவர் வேறு) வெளியூரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்கு அலகு மாற்றக் கணக்கைத் தொலைவிலிருந்தே நேரடியாகச் சொல்லிக்கொடுத்ததுதான். வீடியோ எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அப்புறம் அந்த மாற்று ஏற்பாடு. சந்தேகம் இருப்பவர்கள் பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் இருந்து கேட்கலாமாம். பள்ளிப் பேருந்து அதே நேரத்துக்குத்தானே கிளம்புகிறது? பேருந்தில் வரும் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வராது என்று முடிவு செய்துவிட்டீர்களா? உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளை எங்கே வந்து கேட்கும்? பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், அதிலும் "இன்னும் முயற்சி தேவை" என்ற ஒரே வாக்கியம். எதில், எப்படி என்று கேட்டால் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிடுகிறீர்கள். இருக்கிற ஒரு வழியையும் அடைத்துவிட்டு முயற்சி தேவை என்றால், யாருடைய முயற்சி?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கு வேலைப்பளு என்பது நியாயமான காரணம், அதை மறுக்கவில்லை. அப்படியானால் தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் வையுங்கள். மேல்வகுப்பு மாணவர்களைத் துணைக்குச் சேருங்கள். ஒரு குழுவில் நான்கைந்து பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருபது பேரைச் சேர்த்தால் அதுவும் இன்னொரு வகுப்பாகிவிடும். எப்படி நடத்துவது என்பது உங்கள் விருப்பம். நடத்துங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பருவம் தொடங்கும் முன் இதைப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிடம் போதாது, ஒரு மணி நேரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா