ரெண்டர் நடுவே அணையும் மெஷின்

கும்பகோணம்
ஆனி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தப் பக்கம் குறுவைக்கு நாற்றங்கால் விட்டாயிற்று. சீர்காழிக் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று எழுது.

உன் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண வீடியோ ரெண்டர் ஆகும்போது, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக எழுதும்போது, மெஷின் பட்டென்று அணைகிறது, விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ இருக்கிறது என்கிறாய். அதை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸை (உள்ளே மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றிவிடாதே. மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் அடுத்த தடவை எழும்போது எழுதிவைப்பதுதான் அது. ஏன் அணைந்தது என்பது அதில் இருக்காது. அந்த நேரத்தை ஒட்டி ‘வீயா-லாகர்’ (ஹார்ட்வேர் பிழைக் குறிப்பு) 18 அல்லது 19 இருக்கிறதா பார். இருந்தால் பிராசஸர், ரேம் பக்கம் தேடு.

எனக்குச் சந்தேகம் ரேம் மேல்தான். ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸரில் நாலு 32 ஜிபி ஸ்டிக் போட்டு, பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போவைப் போட்டு வேகத்தை 6000 வைத்திருக்கிறாய். பிராசஸரைத் தயாரிக்கும் ஏஎம்டி உறுதி கொடுப்பது ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு வெறும் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் நம் பொறுப்பு. பிரவுசர், எடிட்டிங் வரை சமாளிக்கும், ரெண்டரில் ரேம் முழுக்க நிரம்பும்போது விழும். எக்ஸ்போவை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நாலு பாஸ் (நாலு முழுச் சுற்று) ஓடவிடு. 128 ஜிபிக்கு ஒரு ராத்திரி போதாது, பொறுத்துக்கொள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த மெஷினில் வாடிக்கையாளர் வேலையை ஏற்றாதே.

96 ஜிபி போதும் என்றால் ரெண்டு 48 ஜிபி ஸ்டிக்காக மாற்றுவதே நல்லது. பயாஸைப் புதுப்பித்துவிட்டு, பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில் போடு. முதல் தடவை ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கும். புது ரேமுக்கு ஏற்ப மெஷின் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மெமரி டிரெய்னிங் நடக்கிறது, பத்து நிமிடம்கூட ஆகலாம். பயந்து சுவிட்சை அமுக்கிவிடாதே.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் விட்டுப்போனால் கேபினெட்டின் தகடு மெயின்ஸில் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மல்டிமீட்டரில் பார்: பேஸ்-எர்த் 230-ஐ ஒட்டி வரணும், நியூட்ரல்-எர்த் ரெண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறிவிடும், கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல். இதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதே.

பிராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இல் ஸ்கோர் 38,000 வந்தது சந்தோஷம். ஆனால் அது ஏசி அறையில் ஒரே ஓட்டத்தில் வந்தது. உனக்கு வேண்டியது முப்பதாவது நிமிடத்து எண். கூலர் அறைச் சூட்டுக்கு மேலே எவ்வளவு ஏற விடுகிறது என்பதுதான் கணக்கு. பிராசஸர் 230 வாட் இழுக்கும்போது 70 டிகிரி ஏறுகிறது என்று வை: 24 டிகிரி அறையில் 94-இல் நிற்கும். சித்திரையில் ஏசி நின்று அறை 37 ஆனால் 107 ஆகணும், பிராசஸர் 95-க்கு மேல் போகாது, அதனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயாஸில் ஈகோ மோட் ‘105 வாட்’ வைத்துவிடு, அது பெயரளவு எண்தான், பிராசஸர் நிஜமாக இழுப்பது 142 வாட்டோடு நிற்கும். ஸ்கோர் கொஞ்சம்தான் இறங்கும், சூடும் யுபிஎஸ் சுமையும் நன்றாகக் குறையும். 30 நிமிட ஓட்டம் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் அறைச் சூட்டைக் குறித்து, நடு எண்ணை எடுத்துக்கொள். சூடு, வேகம் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ‘எஃபெக்டிவ் கிளாக்’ (பிராசஸர் உண்மையில் ஓடிய வேகம்) பார், வெறும் கிளாக் ஏமாற்றும்.

எஸ்எஸ்டியின் வேகத்தை கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் 1 ஜிபி கோப்பு வைத்துச் சோதித்தால், அதிலுள்ள வேகமான தற்காலிகப் பகுதியான கேஷின் வேகம்தான் தெரியும். 64 ஜிபி வை.

அறுவடை மெஷின் வயலில் இறங்கும் நாட்களில் நெல் சுணை ஃபில்டர் வலையில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கழற்றித் தட்டு. உள்ளே புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், காற்றில் வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

எர்த் அளவையும் மெம்டெஸ்ட் முடிவையும் உடனே எழுது. ஸ்கோர் மெதுவாக வரட்டும்.

உன் நண்பன்