இருநூறு கோப்பைகள் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். பெரியவர் இன்னமும் உன்னை ‘மண்ணை நடுவில் நிறுத்தத் தெரியாதவன்’ என்றுதான் விசாரிக்கிறார். நீ வேலையை விட்டுவிட்டு முழுநேரக் குயவனாகிவிட்டாய் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, ‘சூளை எத்தனை லிட்டர்?’ என்று கேட்டார். அவர் பாராட்டுவது அப்படித்தான், உனக்கே தெரியும்.

இருநூறு கோப்பை ஆர்டர் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். சந்தோஷம்தான் டா. ஆனால் அந்தக் கடைக்காரர் கேட்கிற கிளேஸ், அதாவது கோப்பை மேல் பூசிச் சுடுகிற பூச்சு விஷயத்தில் என்னால் தலையாட்டிவிட்டுப் போக முடியவில்லை. உள்ளும் புறமும் அந்தப் பளபளப்பில்லாத நீலப்பச்சை வேண்டும் என்கிறார். நீ அனுப்பிய கலவையில் பேரியம் கார்பனேட் நூற்றுக்கு 25, அதன்மேல் காப்பர் கார்பனேட் 5. நிறம் அழகு, மறுக்கவில்லை. பூச்சாடிக்குப் போடு, சுவர் ஓட்டுக்குப் போடு. ஒருவர் வாய் வைத்துக் குடிக்கிற பாத்திரத்தின் உட்புறத்துக்குப் போடாதே.

காரணத்தை விவரமாகவே சொல்கிறேன். கிளேஸ் என்பது கண்ணாடி. அதில் சிலிக்காவும் அலுமினாவும் போதிய அளவு இருந்து, முழுதாக உருகியிருந்தால்தான் நிறம் தருகிற உலோகத்தை அது கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மாதிரி மேட் கிளேஸ்களில் சிலிக்கா குறைவு. அந்தக் குறைவால்தான் பளபளப்பும் இல்லை. பேரியம் நிறைய இருந்தால்தான் செம்பு அந்த நீலத்தைக் காட்டும். கண்ணாடிக்குள் கரையாமல் மிஞ்சிய செம்பும் பேரியமும் மேற்பரப்பிலேயே நிற்கும். புளிப்பான எதை ஊற்றினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். பேரியம் கார்பனேட்டை ஒரு காலத்தில் எலி பாஷாணமாகப் பயன்படுத்தினார்கள். வயிற்று அமிலத்தில் அது கரையும், அதனால்தான் அது விஷம். எங்கிருந்தோ பழைய ஈயக் கிளேஸ் பவுடர் கிடைத்தது என்று வேறு எழுதியிருக்கிறாய். அதைத் தொடவே தொடாதே. ஈயக் கிளேஸில் செம்பு சேர்ந்தால் ஈயம் இன்னும் அதிகமாகக் கசியும்.

‘சட்டப்படி தடை ஒன்றும் இல்லையே’ என்று கேட்டிருந்தாய். அந்த வரிதான் என்னை இத்தனை நீளமாக எழுத வைக்கிறது. 1984-ல் ஐரோப்பா பீங்கான் பாத்திரங்களுக்குக் கொண்டுவந்த விதி, ஈயம், காட்மியம் என்ற இரண்டுக்கு மட்டுமே வரம்பு வைத்தது. 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, கரைந்து வந்ததை அளப்பார்கள். செம்பும் பேரியமும் அந்தக் கணக்கிலேயே வராது. ஆகவே உன் கோப்பை அந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும், குடிப்பவர் வயிற்றுக்குள் செம்பும் போய்க்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் இதைப் பார்க்க ஒரு தரப் பிரிவு இருக்கும், மேலே ஒரு மேலாளர் இருப்பார், வழக்கு வருமோ என்று பயப்பட ஒரு வக்கீல் இருப்பார். உன் பட்டறையில் அத்தனை நாற்காலியும் உன்னுடையதுதான். மேலே யாரும் இல்லாத வாழ்க்கை வேண்டும் என்றுதானே வேலையை விட்டாய்? இந்தக் கோப்பை வெளியே போகலாமா கூடாதா என்பதற்கும் அதே மாதிரி மேலே யாரும் இல்லை.

சோதனை ஒன்று இன்றே செய்து பார். இந்தக் கிளேஸ் பூசிச் சுட்ட மாதிரி ஓட்டுத்துண்டு ஒன்றைப் பாதி முங்கும்படி வினிகரில் 24 மணி நேரம் வை. கழுவித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார். முங்கிய பாதி வெளுத்தோ நிறம் மாறியோ தெரிந்தால் கதை முடிந்தது. இன்னொரு ஓட்டுத்துண்டைச் சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் சில மணி நேரம் போடு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரம் என்ன செய்யும் என்று அதில் ஓரளவு தெரியும். கவனி, இந்த இரண்டிலும் தோற்றால் கிளேஸ் மோசம் என்று உறுதி. ஜெயித்தால் நல்லது என்று உறுதி இல்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமலும் கசியலாம். அதற்கு ஆய்வுக்கூடத்தில் செம்பும் பேரியமும் எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கேட்டு அளக்கச் சொல்ல வேண்டும்.

ஆர்டரை இழக்காமல் இருக்க வழியும் உண்டு. உட்புறத்துக்கு நிறமில்லாத, நன்றாக உருகிய, பளபளப்பான கிளேஸ். அதையே விளிம்பைத் தாண்டி வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் வரை கொண்டுவா. உதடு படுகிற இடம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். நீலப்பச்சை அதற்குக் கீழே தொடங்கட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் உருகி வழியும், நடுவில் மெழுகுக் கோடு போட்டுக்கொள். உள்ளே ஒரு கிளேஸ், வெளியே ஒன்று என்றால் சூளையில் ஆறும்போது சுருக்கம் வேறுபடும். உள் கிளேஸ் மண்ணைவிடக் குறைவாகவும் வெளிக் கிளேஸ் அதிகமாகவும் சுருங்கினால் கோப்பை இழுவிசையிலேயே நிற்கும், கொதிநீர் பட்டதும் பிளந்துகொள்ளும். மாதிரிக் கோப்பையை இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்து, காலையில் தொட்டிக்குள் நிறுத்திக் கொதிநீர் ஊற்று. மூன்று முறை தாங்கினால் ஆர்டருக்கு ஒத்துக்கொள். உள் கிளேஸில் முடிபோல் வெடிப்பு தெரிந்தால் சிலிக்காவை ஐந்தைந்து பங்காகக் கூட்டிப் பார். அநேகமாகச் சரியாகிவிடும்.

அடுத்தது, கோப்பை வைத்த இடத்தில் ஈர வளையம் விழுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அது போகிற போக்கில் விடுகிற விஷயமா? மண் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். கிளேஸ் பூசாத ஒரு துண்டை 120 டிகிரியில் நன்றாக உலர்த்தி எடை போடு. 5 மணி நேரம் கொதிக்க வை, அதே நீரில் 24 மணி நேரம் விடு, ஈரத்துணியால் துடைத்து மறுபடி எடை போடு. 312 கிராம் 327 ஆகியிருந்தால் 15 கிராம் நீர் உள்ளே போயிருக்கிறது, அதாவது 4.8 சதவீதம். கோப்பைக்கு ஒன்று, ஒன்றரை சதவீதத்துக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு மேல் போனால் கைப்பிடி நீர் குடிக்கும், மைக்ரோவேவில் வைத்தால் கையைச் சுடும், கிளேஸ் நாள்பட வெடிக்கும். உன் மண் கோன் 6 மண்தான், அதாவது ஆறாம் எண் சூட்டுக் கூம்பு வளைகிற சூட்டில் இறுகுகிற மண். சூளையின் கண்ட்ரோலர் 1222 டிகிரி காட்டினால் கோன் 6 என்று நினைக்கிறாய். கண்ட்ரோலருக்கு, சூடு அளக்கிற தெர்மோகப்பிள் இருக்கிற இடத்துச் சூடு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கோன் வை. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஒரு கோன் வித்தியாசம் வருவது சாதாரணம். கீழே கோன் வளையவில்லை என்றால் உச்சியில் 15 நிமிஷம் நிறுத்திப் பார்.

இப்போது கணக்கு. ஒரு கோப்பை வனைய 4 நிமிஷம், ஆக 200 கோப்பைக்கு இரண்டு நாள் என்று போட்டிருக்கிறாய். இதைப் படித்தால் பெரியவர் சிரிப்பார். வனைவது வேலையில் சின்னப் பங்கு. மண் பிசைந்து எடை போட, அடி சீவ, கைப்பிடி இழுத்து ஒட்ட, விளிம்பு துடைக்க, மெழுகு தடவ, கிளேஸ் பூச, சூளையில் அடுக்க, அடியைத் தேய்த்து வழவழப்பாக்க என்று சேர்த்தால் ஒன்றுக்கு 25 நிமிஷம் ஆகும். சேதாரத்தையும் சேர்த்து 230 வனைய வேண்டும். அப்படியானால் 96 மணி நேரக் கைவேலை. பொதி கட்டுவது தனி. ஈர மண் 450 கிராம் வீதம் நூறு கிலோவுக்கு மேல். உன் மண் 12 சதவீதம் சுருங்கும், அதாவது கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 300 மில்லி கோப்பை வேண்டுமானால் சக்கரத்தில் 440 மில்லி பிடிக்கும்படி வனை. உன் சூளையில் தட்டுக்கு 12, நான்கு தட்டு, ஆக 48. கிளேஸ் சூடு மட்டும் ஐந்து முறை. ஏற்றி இறக்க இரண்டு நாள் வீதம் பத்து நாள். ஆறுவதற்கு முன் மூடியைத் தூக்காதே. மண்ணிலுள்ள சிலிக்காவின் இரண்டு வடிவங்களில், 573 டிகிரியில் குவார்ட்ஸ் சுருங்கும், 226 அருகில் கிறிஸ்டோபலைட் சுருங்கும். அவசரப்பட்டால் அங்கேதான் வெடிக்கும். 100-க்குக் கீழே வரட்டும்.

நீ நினைத்த சுதந்திரத்தோடு இந்தக் கணக்கு எங்கே மோதுகிறது என்று பார். இன்று முப்பது வனைந்தால் நாளை அவற்றுக்கு அடி சீவி, நாளையே கைப்பிடி வைத்தாக வேண்டும். மண் விடுமுறை அறியாது. கோப்பையின் உடல் காய்ந்துபோய்க் கைப்பிடி மட்டும் ஈரமாக இருந்தால் ஒட்டிய இடத்தில் கட்டாயம் வெடிக்கும். பாலித்தீன் மூடி ஒருநாள் தள்ளலாம், இரண்டு நாள் தள்ளலாம், அவ்வளவுதான். ஆகவே எழுபது எண்பது என்று வனையாதே, மறுநாள் முடிக்க முடிகிற அளவே வனை. ‘என் இஷ்டப்படி வேலை செய்வேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த இஷ்டம் முழுக்க எத்தனை வனைவது என்று காலையில் தீர்மானிக்கிற அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு மண் சொல்வதைத்தான் நீ செய்வாய்.

கடைக்காரருடன் எல்லாவற்றையும் எழுத்தில் வை. முதலில் மாதிரி இரண்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகு பாதிப் பணம், பிறகுதான் மண்ணில் கை. நிறத்திலும் அளவிலும் எவ்வளவு மாறுதல் வரும் என்று முன்கூட்டியே சொல். வருஷ வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வராமல் பார்த்துக்கொள். வந்தால் அவர் பெயருக்கு வாடிக்கையாளர், நடைமுறையில் உன் பழைய மேலாளர். சில மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்தால்தான் ‘உள்ளே அந்தக் கிளேஸ் போட மாட்டேன்’ என்று சொல்ல நாக்கு எழும்பும். இதை உன்னிடம் கடுமையாகவே சொல்கிறேன்: அந்தச் சேமிப்பு இல்லாமல் புதிய சூளைக்கு முன்பணம் கட்டாதே.

இன்னொரு கலைஞரின் கோப்பைப் படத்தை அனுப்பி ‘இதே மாதிரி’ என்று கேட்டாராமே. உருளை வடிவம் யாருக்கும் சொந்தமில்லை, அதைச் செய். அந்தப் படத்தில் இருக்கிற கீறல் வேலைப்பாடு ஒருவர் பல வருஷம் உழைத்துக் கண்ட கையெழுத்து, அதைத் தொடாதே. அடியில் உன் முத்திரை வேண்டாம், கடையின் பெயர் மட்டும் போதும் என்கிற நிபந்தனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜப்பானில் ஹமாடா ஷோஜி என்ற குயவர் மஷிகோ என்ற ஊரில் குடியேறிய பிறகு கலங்களில் முத்திரை இடவில்லை என்று நீ உதாரணம் காட்டுவாய், தெரியும். அவர் பெட்டியின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், வாங்குபவருக்கு யாரிடம் வாங்கினோம் என்று தெரியும். உன் கோப்பையின் கைப்பிடி கழன்று ஒருவர் மடியில் கொதிக்கும் காபி கொட்டினால் அவர் யாரைத் தேடி வருவார்? கடைப் பெயர் இருக்கட்டும், பக்கத்தில் உன் முத்திரையும் இருக்கட்டும்.

குறையுள்ளவற்றைப் பாதி விலைக்கு விற்கலாமா என்ற கேள்விக்கும் பதில் அதே இடத்தில் இருக்கிறது. வெளிப்புறத்தில் ஊசித்துளை, லேசாகச் சாய்ந்த விளிம்பு, நிறத்திட்டு இதெல்லாம் குறை என்று சொல்லியே விற்கலாம். கைப்பிடி வேரில் மயிரிழை, விளிம்பில் செதிலாக உதிரும் கிளேஸ், அடியில் எஸ் வடிவ வெடிப்பு இருந்தால் சுத்தியல்தான். ஒவ்வொன்றையும் விரல் நுனியில் தூக்கிப் பிடித்துச் சுண்டிப் பார். மணிபோல் ஒலிக்காமல் மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே எங்கோ வெடிப்பு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டே இல்லை. பட்டறையை மாலையில் பெருக்கிக் கூட்டுகிறாய் என்றும், குட்டிப்பயல் உன்னோடே அங்கே விளையாடுகிறான் என்றும் எழுதியிருந்தாய். உடனே நிறுத்து. காய்ந்த களிமண் தூசியில் இருக்கிற சிலிக்காவின் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, கிளம்பினால் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. துடைப்பத்தை எடுத்து வெளியே போடு, ஈரத்துணியும் தண்ணீரும் மட்டும். கிளேஸ் பொடி அளக்கும்போது முகத்தில் படிந்து உட்காருகிற என்-95 அல்லது அதைவிட நல்ல மாஸ்க், கைக்குட்டை போதாது. காய்ந்த கலத்தை உப்புத்தாளால் தேய்க்காதே, ஈரப் பஞ்சால் துடை. பட்டறைத் துணியோடு வீட்டுக்குள் போகாதே. மீந்த கிளேஸ் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வாளியில் தெளிய விட்டு, வண்டலை ஒரு பழைய கிண்ணத்தில் சூளையில் வைத்துச் சுட்டுவிடு. பையனுக்கு மண் வேண்டுமென்றால் ஈர மண் கொடு, வாசலில் உட்கார்ந்து விளையாடட்டும்.

பெரியவர் உன் மாதிரிக் கோப்பையைப் பார்க்க வேண்டுமாம். மூன்றாக அனுப்பு. ஒன்றை அவருக்குக் கொடுப்பேன், ஒன்றை உறைபெட்டியில் வைப்பேன், ஒன்றை உடைத்துக் குறுக்குவெட்டு பார்ப்பேன். கூடவே எந்தத் தட்டில் சுட்டது, அந்தத் தட்டின் கோன் எவ்வளவு வளைந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வை.

அன்புடன்,
உன் நண்பன்