‘கம்பீரக் குரல்’னு மட்டும் சொல்லி முடிச்சிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பழைய ரேடியோ குரல்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டெல்லி ஆகாசவாணில தமிழ்ச் செய்தி வாசிச்ச சரோஜ் நாராயணசுவாமிய ‘கம்பீரக் குரல்’னு ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்களே சார். 2022 ஆகஸ்ட்ல அவங்க மும்பைல காலமானப்பவும் எல்லா பேப்பர்லயும் இதேதான் வந்துச்சு.

அங்க அவங்க பாத்த வேலைக்குப் பேரே செய்தி வாசிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும்தான். செய்தி அறைலேர்ந்து செய்தி இங்கிலீஷ்ல வரும், அதை இவங்களே உக்காந்து தமிழ்ல எழுதணும், எழுதின கையோட ஸ்டூடியோவுக்குள்ள போய் வாசிக்கவும் செய்யணும். காலைல ஏழே காலுக்கு நாம பல்லு வெளக்கிக்கிட்டே கேட்ட செய்திக்கு அங்க இருட்டுலயே வேலை ஆரம்பிச்சிருக்கும். கோர்பச்சேவ், சியா உல் ஹக், ஜெயவர்த்தனேன்னு வெளிநாட்டுத் தலைவருங்க எல்லாம் ஒரே புல்லட்டின்ல வருவாங்க, நடுவுல பட்ஜெட் கணக்கு, புயல் எச்சரிக்கை, எங்கயும் தடுக்காம போகும். கேக்குறவனுக்கு அது தமிழ்லயே யோசிச்சு எழுதினதுன்னு தோணணும், அதான் வித்தை.

இத்தனைக்கும் அவங்க தஞ்சாவூர்ப் பூர்வீகமே தவிர பொறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை, பேங்க் வேலைலேர்ந்து ரேடியோவுக்கு வந்தவங்க. தமிழ்நாட்டுலயே படிச்ச இப்பத்த ஆளுங்க டிவில ‘மழை’ய ‘மளை’ங்கறாங்க, அத யாரும் கேக்குறதும் இல்ல (கேட்டா ஏதோ பழைய பஞ்சாங்கம்ங்கறாங்க). பூர்ணம் விஸ்வநாதன்கூட அதே டெல்லி தமிழ்ச் செய்திலேர்ந்து வந்தவர்தான், அவர சினிமா தாத்தாவா மட்டும் தெரிஞ்சவங்க எத்தன பேருக்கு 1947ல சுதந்திரச் செய்திய ரேடியோல தமிழ்ல வாசிச்சவர் அவர்னு தெரியும்?

நான் இதுல இவ்ளோ கொதிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நானும் சின்ன அளவுல விளம்பரம், லோக்கல் கேபிள்னு வாய்ஸ் ஓவர் பண்றவன். இந்தில எடுத்த 20 செகண்ட் விளம்பரத்துக்குத் தமிழ் ஸ்க்ரிப்ட்னு ஒண்ண குடுப்பாங்க, ஹெட்போன மாட்டி வாசிச்சுப் பாத்தா 27 செகண்ட் ஓடும். “கொஞ்சம் ஸ்பீடா போங்க சார்”னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு குரல் வரும். ஸ்பீடா போனா ஏலம் விடுற மாதிரி இருக்கும், அதனால மைக் முன்னாடியே பேனாவ எடுத்து ‘உங்கள் குடும்பத்தினர் அனைவருக்கும்’ங்கறத ‘வீட்ல எல்லாருக்கும்’னு மாத்தி, வினைச்சொல்ல முன்னாடி இழுத்து, எப்படியோ உள்ள அடக்குவேன். டாக்குமெண்டரின்னா இன்னும் கஷ்டம், ஸ்க்ரீன்ல அணை போயி வயல் வர்றதுக்குள்ள அணைய பேசி முடிச்சிருக்கணும், ஒரு மூச்சு லேட்டானா எல்லாம் நகந்துடும். இந்தத் திருத்துற வேலைக்குத் தனியா காசும் கெடையாது, கடைசி டைட்டில்ல பேரும் வராது. டிபன் வாங்கிக் குடுத்தவர் பேர்கூட வரும்!

சரோஜ் அம்மாவும் டாக்குமெண்டரிகளுக்குக் குரல் குடுத்தவங்கதான், தமிழக அரசு 2009ல கலைமாமணி குடுத்துச்சு, சந்தோஷம். ஆனா அவங்க 35 வருஷம் எழுதின தமிழப் பத்தி யாராவது ஒரு பாராவாவது எழுதியிருக்காங்களான்னு தேடினா எனக்கு எதுவும் கெடைக்கல.

அடுத்த இதழ்ல இதத் தொடர்றதா போட்டிருக்கீங்க. டெல்லி தமிழ்ச் செய்திப் பிரிவுல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒருத்தரையாவது புடிச்சு, ஆன் ஏர் போறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அவசரச் செய்தி ஏதாவது வந்தா அத எப்படித் தமிழாக்கினாங்கன்னு கேட்டு எழுதுங்க சார், குரல் எப்படி வந்துச்சுங்கற கேள்வி வேணாம்.

இப்படிக்கு,
வாசகன் ஒருவன், திருச்சி