குடோன் ஸ்விட்ச் ராஜாவான கதை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் எங்கள் மில்லில் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்துக்கொண்டது. கல்லூரிக்கு இரண்டு லேயர் 3 ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை இணைப்பதோடு ரௌட்டர் வேலையும் பார்க்கும் பெட்டி) வாங்கப் போவதாகவும், ஒன்று போனால் இன்னொன்று தாங்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தாயே, பாதி பதில் இந்தக் கூத்திலேயே இருக்கிறது.

பேக்கிங் செக்‌ஷனில் மேசையை நகர்த்தியவர்கள், தொங்கிக்கொண்டிருந்த ஒயரின் நுனியைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று சுவரில் காலியாக இருந்த பாயிண்டில் செருகிவிட்டார்கள். மறுமுனை ஏற்கனவே பக்கத்துப் பாயிண்டில் இருந்தது. லூப், அதாவது முடிவில்லாத வட்டம்! ஐபி பாக்கெட்டுக்காவது டிடிஎல் என்று ஓர் ஆயுள் உண்டு, ரௌட்டருக்கு ரௌட்டர் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். அதைச் சுமந்து ஒயரில் ஓடும் ஈதர்நெட் பிரேமுக்கு அதுவும் கிடையாது. எல்லோருக்குமாக அனுப்பும் ஒரு பிராட்காஸ்ட் உள்ளே போனால் சுற்றிக்கொண்டே, பெருகிக்கொண்டே இருக்கும். சில நொடிகளில் எடை மேடை பில்லிங் வரை நின்றுவிட்டது.

இதைத் தடுக்கத்தான் ஸ்விட்சுக்குள் ஸ்பேனிங் ட்ரீ (எஸ்டிபி) என்ற ஏற்பாடு இருக்கிறதே என்பாய். இருந்தது. அணைத்து வைத்தவன் நான்தான்.

நாலு வருடத்துக்கு முன், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஐபி வரவில்லை என்று அக்கவுண்ட்ஸில் ஒரே புகார். பழைய எஸ்டிபி, போர்ட் உயிர் பெற்றதும் 15 நொடி கவனிக்கும், 15 நொடி கற்றுக்கொள்ளும், அப்புறம்தான் வழிவிடும். அதற்குள் பிசி, ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியைக் கேட்டு அலுத்துப்போய் 169.254 என்று தானே ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். பிசி மாட்டிய போர்ட்களை மட்டும், காத்திருக்காமல் உடனே திறக்கும் எட்ஜ் போர்ட் என்று குறித்து, அங்கே எஸ்டிபி செய்தி வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியூ கார்டும் போட்டிருந்தால் போதும். நான் அவசரத்தில் எஸ்டிபியையே அணைத்தேன். புகார் நின்றது, டீயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த எஸ்டிபி, ராடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் 1985-இல் டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தபோது வடிவமைத்தது. ஒயர் எத்தனை குறுக்கும் நெடுக்குமாக ஓடினாலும், லூப் இல்லாத மரம் கிடைக்கும்வரை சில போர்ட்களை மூடி வைக்கும். ஓடுகிற ஒயர் அறுந்தால் மூடியதைத் திறக்கும். பழையதில் இதற்கு 30 முதல் 50 நொடி ஆகும். நீ 2001-இல் வந்த ராபிட் எஸ்டிபியையே போடு, பெரும்பாலும் ஓரிரு நொடியில் முடிந்துவிடும்.

அந்த மரத்தின் வேரான ரூட் ஸ்விட்ச் யார் என்பதை மட்டும் ஸ்விட்சுகளின் முடிவுக்கு விடாதே. எல்லாமே 32768 பிரையாரிட்டியோடு வருகின்றன, எண் குறைந்ததுதான் ஜெயிக்கும். சமமாக இருந்தால் சின்ன மேக் முகவரி (பெட்டியோடு பிறக்கும் எண்) ஜெயிக்கும், அது பல சமயம் கிழட்டுப் பெட்டியாக இருக்கும். அன்று எஸ்டிபியைத் திரும்பப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், பஞ்சு குடோனில் தூசி படிந்து கிடந்த 8 போர்ட் ஸ்விட்ச்தான் மில்லுக்கே ராஜா! மையத்துக்கு 4096, துணைக்கு 8192 என்று கொடுத்துவிடு.

இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு ஒயர் போட்டால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஓட்ட எல்ஏசிபி என்ற முறை இருக்கிறது. ஆனால் வேகம் இரட்டிப்பாகும் என்று பிரின்சிபாலிடம் சொல்லி மாட்டிக்கொள்ளாதே. ஒரு ஃபைல் காப்பி ஒரு ஒயரில்தான் போகும், ஆட்கள் பலர் இருந்தால்தான் பலன் தெரியும்.

லேப், ஹாஸ்டல், ஆபீஸ் என்று விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) பிரித்தால், அவற்றுக்கு இடையிலான ரௌட்டிங்கை ஸ்விட்ச் தன் சிப்பிலேயே முடித்துவிடும். நல்லதுதான். ஆனால் விலேனை விட்டு வெளியே போகும் வாசலான கேட்வேயும் அதிலேயே இருக்கும், அது செத்தால் ஒரு விலேனிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. அதனால் ஒரு ஸ்விட்ச் போனால் மற்றது கேட்வேயாக நிற்க வைக்கும் விஆர்ஆர்பி கட்டாயம். இரண்டு ஸ்விட்சுக்கும் பொதுவாக ஓர் ஐபி, ஒரு மேக் முகவரி. பொறுப்பில் இருக்கும் மாஸ்டர் நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும். மூன்று நொடிக்குச் சற்று மேல் சத்தமில்லை என்றால் மற்றது பொறுப்பெடுக்கும், பிசிக்கு ஆள் மாறியதே தெரியாது. ஒரு விலேனுக்கு ரூட்டும் மாஸ்டரும் ஒரே ஸ்விட்சாக இருக்கட்டும். இல்லையென்றால் பாக்கெட்டெல்லாம் இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள ஒயரில் வீணாக ஒரு நடை போகும்.

இவ்வளவும் செய்துவிட்டு, இரண்டு ஸ்விட்சையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தேன். பேட்டரி போன அன்று இரண்டும் ஜோடியாக அணைந்தன. நீ ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஹாஸ்டலுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒன்றின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடு.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விடவில்லை. உன் மகள் கணக்குப் பாடமே எடுத்துவிட்டாளாமே, அவளாவது நம் இருவரைப் போல் ஒயருக்குப் பின்னால் ஓடாமல் இருக்கட்டும். என் ஸ்விட்ச் செட்டிங் எல்லாம் உள்ள கான்பிக் கோப்பைப் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன், பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடு, அது இன்னும் நம் பழைய ஹாஸ்டல் ரூம் நம்பர்தான்.

உன்
பழைய ரூம்மேட்