இலகுவான கற்கைநெறி என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு கலைப்பிரிவு மாணவர்கள் என்ன படிக்கலாம் என்று கடந்த ஞாயிறு இதழில் முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். சட்டத்துக்கு மூன்று பத்தி, கணக்கியலுக்கு இரண்டு பத்தி, ஹோட்டல் முகாமைத்துவத்துக்குப் படமும் சேர்த்து. இதழியலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: "வேறு துறை கிடைக்காதவர்கள் தெரிவு செய்யக்கூடிய இலகுவான கற்கைநெறி." வேறு யாராவது சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு பத்திரிகையே இதை அச்சிடலாமா?

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் 22 வருடங்கள் ஒப்புநோக்காளராக இருந்து 2019 இல் ஓய்வுபெற்றவன். பட்டதாரி அல்லன். தொழிலை மேசையில்தான் கற்றேன். அப்படிக் கற்றவன் என்பதால்தான் படித்துவிட்டு வருகிறவர்களின் அருமை எனக்குத் தெரியும்.

2018 இல் எங்கள் ஆசிரியர் பீடத்துக்கு இதழியல் டிப்ளோமா முடித்த ஒரு பெண் பயிற்சிக்கு வந்தார். ஒருநாள் இரவு பத்தரை மணிக்குப் பிரதேச நிருபர் ஒருவர் தொலைபேசியில் வீதி விபத்துச் செய்தி சொன்னார். இறந்தவரின் பெயர், ஊர், வயது எல்லாம் வந்துவிட்டன. முகநூலில் எடுத்த படமும் பக்கத்தில் ஏறிவிட்டது. நான் எழுத்துப்பிழை பார்த்துக் கையொப்பமும் வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைதான், "இறந்தவர் இவர்தான் என்று நிருபருக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். விபத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். "வீட்டாருக்குத் தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. அச்சுக்கூடத்தில் பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். செய்தி ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பிள்ளை விடாமல் வைத்தியசாலைக்கு எடுத்துப் பேசினார். எங்கள் படத்தில் இருந்தவர் சத்திரசிகிச்சைக்கூடத்தில் உயிரோடு இருந்தார். இறந்தது பின்னால் அமர்ந்து வந்த நண்பர். நான் பிழையில்லை என்று கையொப்பமிட்ட அந்தப் பக்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் கேட்டிராவிட்டால் மறுநாள் காலை ஒரு தாய் உயிரோடிருக்கும் தன் மகனின் மரணச் செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் வந்தபோது அந்தச் செய்தியை ஒப்புநோக்கியவன் நான். ஆனால் விண்ணப்பத்தை யாருக்கு எழுதுவது, 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லாவிட்டால் அடுத்து யாரிடம் மேன்முறையீடு செய்வது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவரை நாங்கள் வைத்துக்கொண்டோமா? 14 மாதங்கள் பயிற்சியாளர் என்ற பெயரிலேயே வேலை வாங்கினார்கள். நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. இப்போது அவர் ஒரு வங்கியின் ஊடகப் பிரிவில் இருக்கிறார். அவருடன் படித்தவர்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர், ஒருவர் வானொலியில், இன்னொருவர் பாடசாலையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தைக் கற்பிக்கிறார். படித்தவர்களுக்கு வழி இருக்கிறது. அவர்களைப் பத்திரிகைகள்தான் இழந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் சிங்களத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்த ஊடக அறிக்கைகள், எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை ஓரிடத்திலுமாக, அப்படியே முதற்பக்கத்தில் வருகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2000 இல் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், 2004 இல் மட்டக்களப்பில் நடேசன், 2005 இல் கொழும்பில் கடத்தப்பட்ட சிவராம். கொல்லப்பட்ட இந்தப் பத்திரிகையாளர்களின் மரணச் செய்திகள் என் மேசை வழியாகத்தான் போயின. பெயரில் ஓர் எழுத்தும் பிழைக்கக்கூடாது என்று மூன்று மூன்று தடவை படித்தேன். 2006 ஜனவரியில் திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டபோது, அவர்கள் சுடப்பட்டார்கள் என்பதைப் பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அந்த மாதம் முடிவதற்குள் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இவர்களின் நினைவு நாட்களில் நீங்களும் கட்டுரை போடுகிறீர்கள். அதே பத்திரிகையில் இலகுவான கற்கைநெறி என்று எப்படி ஐயா எழுத மனம் வந்தது?

தினகரனுக்கு ஆசிரியராக இருந்த கைலாசபதி பின்னர் பல்கலைக்கழக ஆசிரியராகி, 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானது நீங்கள் அறியாததல்ல. பத்திரிகையும் பல்கலைக்கழகமும் ஒன்றையொன்று மதித்த காலம் நமக்கும் இருந்தது.

நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் என் தங்கையின் மகள். பெறுபேறு வந்த நாளிலிருந்து இதழியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பாதி சம்மதித்திருந்த தங்கை, உங்கள் ஞாயிறு பக்கத்தை மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "பாருங்கள் அண்ணா, பத்திரிகைக்காரரே சொல்லிவிட்டார்கள்" என்று அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். பிள்ளை அவருக்குப் பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். 22 வருட அனுபவத்தை வைத்துக்கொண்டும் என்னால் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லித் தங்கையை நம்பவைக்க முடியவில்லை.

ஆகவே தயவுசெய்து ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தின் தொடர்பாடல் கற்கைகள், 2004 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமா ஆகியவற்றில் என்ன கற்பிக்கிறார்கள், எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், என்ன தகுதி கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியை இரண்டு வாரம் முன்னதாகவே போடுங்கள். சென்ற வருடம் மூன்று நாள் இருக்கும்போது, மரண அறிவித்தல்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையே போடுங்கள். தங்கை வாங்குவது ஞாயிறு பத்திரிகை மட்டும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒப்புநோக்காளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.